தயவில் நிற்கும் மருந்து: அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சாவும் இரண்டு சட்டங்களும்

ஒரு மாநிலம் மருந்தென்று ஏற்றுக்கொண்ட பொருளை நாட்டின் மத்திய அரசு குற்றப்பொருள் என்று தடைசெய்திருந்தால், நோயாளி எந்தச் சட்டத்தை நம்புவது? 1996 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 215ஆம் முன்மொழிவை நிறைவேற்றியதிலிருந்து அமெரிக்கா இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. இன்று ஏறத்தாழ 40 மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கின்றன. ஆனாலும், மருத்துவரின் பரிந்துரையும் மாநிலத்தின் அட்டையும் கையில் இருக்க, வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு செடி வளர்த்தாலும் மத்தியச் சட்டப்படி அது ஐந்தாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம்.

இதற்கு நீதிமன்றங்கள் ஒரு விடை சொன்னன. மாநிலங்களும் அதிபர்களும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸும் வெவ்வேறு விடைகள் சொன்னார்கள். சட்ட அறிஞர்களும் தங்கள் பங்குக்குச் சொன்னார்கள். எந்த அரசின் சட்டம் மேலானது என்ற கேள்வி 2005லேயே பெருமளவு தீர்ந்துவிட்டது என்றே தோன்றுகிறது. தீராமல் நிற்பது நோயாளியின் நிலை.

தடையின் பிறப்பு

1937இல் மத்திய அரசு கஞ்சாவின் மீது கடும் வரி விதித்து, அதை நடைமுறையில் தடைசெய்தது. இன்றைய சிக்கலின் வேர் 1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தில் இருக்கிறது. அது போதைப்பொருள்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தது. துஷ்பிரயோகத்துக்கு அதிக வாய்ப்புள்ளவை, ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் இல்லாதவை, மருத்துவக் கண்காணிப்பிலும் பாதுகாப்பற்றவை ஆகியவற்றுக்கானது முதல் அட்டவணை. ஹெராயினோடு கஞ்சாவும் அதில் வைக்கப்பட்டது.

இந்த முடிவு இறுதியானதாக எடுக்கப்படவில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். சுகாதாரத் துறையின் உயர் அதிகாரி ராஜர் ஈகபெர்க், ஆய்வுகள் முடியும்வரை முதல் அட்டவணையில் வைக்கலாம் என்றே காங்கிரஸுக்குப் பரிந்துரைத்தார். அதற்கென்றே அமைந்த ஷேஃபர் ஆணையம், சொந்தப் பயன்பாட்டுக்காகக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று 1972இல் கூறியது. அதிபர் நிக்சன் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு அட்டவணையை மாற்றக் கோரி ஒரு மனு போடப்பட்டது. 1988இல் போதைப்பொருள் அமலாக்க முகமையின் சொந்த நிர்வாக நீதிபதி பிரான்சிஸ் யங், கஞ்சாவுக்கு மருத்துவப் பயன் உண்டு, இரண்டாம் அட்டவணைக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தார். மறு ஆண்டே முகமையின் தலைவர் அதை நிராகரித்தார். 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிராகரிப்பை உறுதிசெய்தது. ஒரு மனுவுக்கு முடிவு கிடைக்க 22 ஆண்டுகள் ஆயின.

இதே காலத்தில் மத்திய அரசே சிலருக்குக் கஞ்சா வழங்கிவந்தது. கண்நீர் அழுத்த நோயால் பார்வை இழந்துகொண்டிருந்த ராபர்ட் ராண்டல், 1976இல் மருத்துவத் தேவை என்ற வாதத்தால் வழக்கிலிருந்து விடுதலையானார். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத் தோட்டத்தில் அரசுக்காக விளைந்த கஞ்சா, சுருட்டாக அவருக்கு அனுப்பப்பட்டது. 1978இல் இது ஒரு திட்டமாகவே வடிவம் பெற்றது. எய்ட்ஸ் நோயாளிகளின் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கியதும், 1992இல் புதியவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸால் மெலிந்து, உண்ண முடியாமல் தவித்தவர்களின் இயக்கமே நான்கு ஆண்டுகள் கழித்து 215ஆம் முன்மொழிவாக வெளிப்பட்டது. மத்திய அரசு விரும்பியிருந்தால் தன் திட்டத்தை விரிவாக்கி இந்த மோதலைத் தவிர்த்திருக்கலாம் என்பது வரலாற்றைப் படிப்பவருக்கு எழும் நியாயமான எண்ணம்.

முதல் நிலைப்பாடு: மத்தியச் சட்டமே மேலானது

215 நிறைவேறிய சில வாரங்களில், போதைப்பொருள் கொள்கை இயக்குநர் பேரி மெக்காஃப்ரியும் அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோவும் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள்: கஞ்சாவைப் பரிந்துரைக்கும் மருத்துவர்கள் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதித்தரும் உரிமத்தை இழக்க நேரலாம். இதன் பின்னால் இருந்த வாதம் எளியது. அரசியலமைப்புப்படி மத்தியச் சட்டமே மேலானது. மருந்து எது என்பதை மத்திய உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவியல் முறைப்படி தீர்மானிக்க வேண்டுமே தவிர, வாக்குப்பெட்டி தீர்மானிக்கக் கூடாது. இந்த வாதத்தின் இரண்டாம் பகுதியை எளிதில் தள்ளிவிட முடியாது. பரிசோதிக்கப்படாத மருந்துகளால் மக்கள் பட்ட துன்பங்களிலிருந்தே அந்த நிர்வாகத்தின் அதிகாரம் வளர்ந்தது.

உச்ச நீதிமன்றமும் இந்தப் பக்கமே சாய்ந்தது. ஓக்லண்ட் கஞ்சாக் கூட்டுறவு வழக்கில், மருத்துவத் தேவை என்ற வாதத்துக்கு இச்சட்டத்தில் இடமில்லை என்று 2001இல் ஒருமனதாகக் கூறியது. அடுத்து வந்த ரெய்ச் வழக்குதான் தீர்க்கமானது. முதுகெலும்பு நோயால் அவதிப்பட்ட டயான் மான்சனின் வீட்டுக்கு 2002 ஆகஸ்டில் மாவட்டக் காவலர்களும் மத்திய முகவர்களும் சேர்ந்து வந்தார்கள். அவர் செய்வது கலிஃபோர்னியச் சட்டப்படி சரி என்றனர் மாவட்டக் காவலர்கள். மூன்று மணி நேர இழுபறிக்குப் பின் மத்திய முகவர்கள் அவருடைய ஆறு செடிகளையும் பிடுங்கி அழித்தார்கள். கஞ்சா இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சான்றளித்திருந்த ஏஞ்சல் ரெய்ச், மான்சனோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார்.

செடிகள் விற்கப்படவில்லை, மாநில எல்லையைத் தாண்டவும் இல்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கொல்லைப்புறம்வரை நீளுமா என்பதே கேள்வி. நீளும் என்று 2005 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தன் வீட்டுத் தேவைக்குக் கோதுமை விளைவித்த ஒஹையோ விவசாயி ஃபில்பர்னின் 1942ஆம் ஆண்டு வழக்கை நீதிபதி ஸ்டீவன்ஸ் முன்னுதாரணமாகக் கொண்டார். சொந்தப் பயன்பாடும் மொத்தமாகச் சேர்ந்தால் சந்தையைப் பாதிக்கும் என்பது தருக்கம். மாநிலங்கள் புதியதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை பறிபோகிறது என்று நீதிபதி ஓ'கானர் மாறுபட்டார். இதை ஒழுங்குபடுத்தலாம் என்றால் மத்திய அரசால் ஒழுங்குபடுத்த முடியாதது எதுவுமே இருக்காது என்றார் நீதிபதி தாமஸ். உயிர்காக்கும் அடிப்படை உரிமை என்ற ரெய்ச்சின் அடுத்த வாதத்தையும் 2007இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தகைய உரிமை அங்கீகரிக்கப்படும் காலம் இன்னும் வரவில்லை என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு அமைந்தது.

ரெய்ச் தீர்ப்பு எதைச் செய்யவில்லை என்பதைக் கவனிக்காதவர்கள் பலர். அது கலிஃபோர்னியச் சட்டத்தைச் செல்லாததாக்கவில்லை. மத்திய அரசு தன் சட்டத்தை அமல்படுத்தலாம் என்று மட்டுமே கூறியது. அமல்படுத்த ஆள் வேண்டுமே! கஞ்சாக் கைதுகளில் சுமார் 99 விழுக்காட்டை மாநில, உள்ளூர்க் காவல்துறைகளே செய்துவந்தன. முதல் நிலைப்பாட்டின் பெரிய பலவீனம் இதுதான்.

இரண்டாம் நிலைப்பாடு: மாநிலத்தைப் பணிக்க முடியாது

இந்தியாவில் வளர்ந்த வாசகருக்கு இந்த இடம் விளங்கக் கொஞ்சம் சிரமமாக இருக்கலாம். இந்திய அரசியலமைப்பின் 256ஆம் கூறு, நாடாளுமன்றச் சட்டங்கள் நிறைவேறுவதை உறுதிசெய்யும் கடமையை மாநிலங்களின் மீது வைக்கிறது. அதற்கான ஆணைகளை மத்திய அரசு பிறப்பிக்கலாம். அமெரிக்காவில் அப்படி ஆணையிட முடியாது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் ஷெரீஃப்கள் சோதிக்க வேண்டும் என்ற மத்தியச் சட்டத்தை 1997இல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்கு ஏவ முடியாது என்பது கொள்கை. 2018இல் விளையாட்டுச் சூதாட்ட வழக்கில் அது மேலும் உறுதிப்பட்டது.

சட்ட அறிஞர் ராபர்ட் மைகாஸ் 2009இல் இந்தக் கொள்கையை மருத்துவக் கஞ்சாவுக்குப் பொருத்திக் காட்டினார். மாநிலம் தன் தண்டனையை நீக்கிக்கொள்வதைத் தடுக்க காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை. தண்டனை நீங்கிவிட்டால், நடைமுறையில் மாநிலச் சட்டமே ஆள்கிறது. மருத்துவர்களும் இதையொட்டிய ஒரு பாதுகாப்பைப் பெற்றார்கள். மருத்துவர் மார்கஸ் கோனன்ட் தொடுத்த வழக்கில், நோயாளியிடம் கஞ்சாவைப் பரிந்துரைப்பது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று 2002இல் ஒன்பதாம் வட்டம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. மருந்துச் சீட்டு எழுத முடியாத மருத்துவர் பரிந்துரைக் கடிதம் எழுதலாம் என்ற நடைமுறை இப்படித்தான் நிலைத்தது. இந்தத் தீர்ப்பு இல்லாதிருந்தால் மாநிலத் திட்டங்கள் தொடக்கத்திலேயே மூச்சடைத்துப் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

இந்த நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. மாநிலம் தான் தண்டிக்காமல் இருக்கலாம்; பிறரிடமிருந்து நோயாளியைக் காப்பாற்றுவது வேறு விஷயம். கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2008இல், மருத்துவக் கஞ்சா எடுத்த ஊழியரை நிறுவனம் பணிநீக்கம் செய்யலாம் என்றது. ஓரிகன் உச்ச நீதிமன்றம் 2010இல் இன்னும் ஒரு படி மேலே போய், கஞ்சாவுக்கு அனுமதி வழங்கும் மாநில விதியே, பணிப் பாதுகாப்பு விஷயத்தில், மத்தியச் சட்டத்துக்கு வழிவிட வேண்டும் என்றது. கொலராடோவில் கை கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர், வேலை நேரத்துக்கு வெளியே எடுத்த கஞ்சாவுக்காக வேலையை இழந்தார். 2015இல் மாநில உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மாசசூசெட்ஸ் 2017இல் மாறான வழியில் சென்று, மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாப்பின் கீழ் வழக்குத் தொடுக்க அனுமதித்தது. ஒரே நோய், ஒரே மருந்து. மாநிலத்துக்கு மாநிலம் விளைவு வேறு.

மூன்றாம் நிலைப்பாடு: அமலாக்கத்தில் விட்டுப்பிடித்தல்

சட்டத்தை மாற்றாமல் அமலாக்கத்தைத் தளர்த்தலாம் என்பது அதிபர் நிர்வாகங்கள் கண்ட வழி. மாநிலச் சட்டத்துக்குத் தெளிவாக உட்பட்டு நடக்கும் நோயாளிகள் மீது நேரத்தைச் செலவிட வேண்டாம் என்று 2009 அக்டோபரில் துணை அட்டர்னி ஜெனரல் டேவிட் ஆக்டன் மத்திய அரசு வழக்கறிஞர்களுக்குக் குறிப்பு அனுப்பினார். அதைப் பச்சைக்கொடி என்று எண்ணிக் கடைகள் பெருகின. 2011 மார்ச்சில் மான்டானாவில் மத்திய முகவர்கள் பரவலாகச் சோதனை நடத்தினார்கள். ஜூனில் புதிய துணை அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் கோல் எழுதிய குறிப்பு, பெரிய அளவு உற்பத்திக்கு முந்தைய குறிப்பு கேடயம் ஆகாது என்றது. அக்டோபரில் கலிஃபோர்னியாவின் நான்கு மத்திய அரசு வழக்கறிஞர்களும் கூடி நடவடிக்கை அறிவித்தார்கள். 2013இல் கோல் மீண்டும் தளர்த்தி, எட்டு முன்னுரிமைகளை வகுத்தார். 2018 ஜனவரி 4 அன்று அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் இந்தக் குறிப்புகள் அனைத்தையும் திரும்பப் பெற்றார்.

ஒன்பது ஆண்டுகளுக்குள் இத்தனை திருப்பம். கஞ்சாவைத் தடைசெய்யும் விதி இடையில் மாறவே இல்லை. குறிப்பு எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. குற்றம் சாட்டப்பட்டவர் அதைக் காட்டி விடுதலை கோரவும் முடியாது. காலவரம்பு முடியாதவரை, இன்று பொறுத்துக்கொள்ளப்பட்ட செயலுக்காக நாளை வழக்கு வரலாம். நோயாளியின் பார்வையில் இது மிக மோசமான ஏற்பாடுகளில் ஒன்று என்றே சொல்லத் தோன்றுகிறது.

நான்காம் நிலைப்பாடு: பணப்பையை மூடுதல்

காங்கிரஸ் கண்ட வழி புதுமையானது. கலிஃபோர்னியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் டேனா ரோராபேக்கரும் ஜனநாயகக் கட்சியின் சாம் ஃபாரும் கொண்டுவந்த திருத்தம் 2014 மே மாதம் கீழவையில் 219க்கு 189 என்ற கணக்கில் நிறைவேறியது. டிசம்பரில் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பகுதியானது. மாநிலங்கள் தங்கள் மருத்துவக் கஞ்சாச் சட்டங்களைச் செயல்படுத்துவதைத் தடுக்க நீதி அமைச்சகம் இந்த நிதியைச் செலவிடக் கூடாது என்கிறது அது. ஏற்கெனவே பலமுறை தோற்ற முயற்சி இது. இரண்டு கட்சிகளும் கைகோத்ததால் நிறைவேறியது.

மாநிலங்கள் மீது வழக்குப் போடத்தான் தடை, தனிநபர் மீது தடை இல்லை என்று நீதி அமைச்சகம் வாதிட்டது. 2016இல் மெக்கின்டாஷ் வழக்கில் ஒன்பதாம் வட்டம் இதை ஏற்கவில்லை. அனுமதிக்கப்பட்டவர்களைத் தண்டித்தால் மாநிலச் சட்டம் நடைமுறைக்கே வராது. எனவே மாநில விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்தவர் மீது வழக்கு நடத்த முடியாது என்றது. சிறு விதி ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும் என்ற கடும் அளவுகோலை 2022இல் முதல் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்து, இடைப்பட்ட ஒரு நிலையை எடுத்தது. எங்கே கோடு என்பதை அது துல்லியமாக வரையவில்லை. இரண்டு அளவுகோல்களும் இன்றுவரை அருகருகே நிற்கின்றன.

மத்தியக் குற்ற வழக்குகளுக்கு எதிராக நீதிமன்றத்தில் நின்று பயன் தந்த கேடயம் இதுவே என்பதால் இதன் குறைகளையும் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, இது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. 2017இல் செஷன்ஸ் இதை நீக்கும்படி காங்கிரஸ் தலைவர்களுக்கு எழுதினார். அவர்கள் நீக்கவில்லை, ஆனால் நீக்கியிருக்க முடியும். இரண்டாவது, செயல் குற்றமாகவே நீடிக்கிறது, செலவுக்குத்தான் தடை. நிதித்தடை விலகினால் காலவரம்புக்குள் இருக்கும் பழைய செயல்களுக்கும் வழக்கு வரலாம் என்று மெக்கின்டாஷ் தீர்ப்பே எச்சரித்தது. மூன்றாவது, இது நீதி அமைச்சகத்தை மட்டுமே கட்டுகிறது. வருவாய்த் துறையை இது தொடாது. முதல் இரண்டு அட்டவணைப் பொருள்களின் வணிகத்துக்குச் சாதாரண வரிக் கழிவுகளை மறுக்கும், வரிச் சட்டத்தின் 280இ பிரிவு 1982இல் வந்தது. மாநில உரிமம் பெற்ற மருந்துக்கடையும் அதன்படியே வரி கட்டுகிறது. காப்பீடு பொதுவாக இந்த மருந்துக்குப் பணம் தருவதில்லை. ஆகவே அந்தச் சுமையின் ஒரு பங்காவது நோயாளியின் தலையில் இறங்குகிறது என்று கருதலாம்.

2021இல், விசாரணைக்கு ஏற்கப்படாத ஒரு வரி வழக்கில் நீதிபதி தாமஸ் தனியே ஓர் அறிக்கை எழுதினார். பாதி தடை, பாதி அனுமதி என்ற இந்த நிலை ரெய்ச் தீர்ப்பின் அடிப்படையையே அரித்துவிட்டது என்பது அதன் சாரம். முழுத் தடை இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் 2005இல் கொல்லைப்புறச் செடியும் தடைக்குள் வந்தது. அந்த முழுத் தடையை மத்திய அரசே கைவிட்டுவிட்டதென்றால் தருக்கம் எதில் நிற்கும்? இந்த வாதத்தை முன்வைத்து மாசசூசெட்ஸ் நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 2025இல் முதல் வட்டமும் ஏற்கவில்லை.

ஐந்தாம் நிலைப்பாடு: அட்டவணையை மாற்றுதல்

சிக்கலின் வேர் அட்டவணையில் இருப்பதால் அதைச் சரிசெய்தால் போதும் என்போர் உண்டு. அறிவியல் ஆதாரமும் முன்பைவிட வலுத்திருக்கிறது. பெரியவர்களின் நாட்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் குமட்டல், தண்டுவட மரப்பு நோயில் நோயாளிகள் உணரும் தசை இறுக்கம் ஆகியவற்றில் பயன் இருப்பதற்குக் கணிசமான சான்று உண்டு என்று தேசிய அகாதெமிகளின் 2017 அறிக்கை கூறியது. வேறு பல நோய்களுக்குச் சான்று போதாது என்றும் அதுவே கூறியது. 2023இல் சுகாதார அமைச்சகம் மூன்றாம் அட்டவணையைப் பரிந்துரைத்தது. 2024 மே மாதம் அதற்கான வரைவு விதி வெளியானது. 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அதை விரைவுபடுத்த உத்தரவிட்டார்.

இதன் பயனைக் குறைத்துச் சொல்லக் கூடாது: மூன்றாம் அட்டவணைக்கு 280இ பொருந்தாது; ஆய்வுக்கான தடைகளும் குறையும். ஆனால் மூன்றாம் அட்டவணை மருந்து என்றால் அங்கீகரிக்கப்பட்ட மருந்து, மருத்துவர் எழுதிய சீட்டு, பதிவுபெற்ற மருந்தகம். 2018இல் அனுமதி பெற்ற வலிப்பு மருந்தான எபிடியோலெக்ஸ் அந்த வழியில் வந்தது. மாநிலக் கடையில் விற்கும் பூவும் எண்ணெயும் அப்படி வந்தவை அல்ல. எனவே அட்டவணை மாறுவதால் மட்டும் அந்தக் கடைகள் மத்தியச் சட்டத்துக்குள் வந்துவிடா.

ஆறாம் நிலைப்பாடு: ஒத்துழைக்கும் கூட்டாட்சி

எர்வின் கெமரின்ஸ்கி, சாம் காமின் உள்ளிட்டோர் 2015இல் ஒரு நடுவழியைச் சொன்னார்கள். மத்திய அரசு குறிப்பிடும் நோக்கங்களை ஒரு மாநிலம் நிறைவேற்றினால், அந்த மாநிலத்துக்குள் கஞ்சா தொடர்பான மத்தியத் தடை விலகட்டும். மற்ற மாநிலங்களில் தொடரட்டும். 2018இல் செனட்டர்கள் எலிசபெத் வாரனும் கோரி கார்ட்னரும் ஏறத்தாழ இதே நோக்கில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது நிறைவேறவில்லை. நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் கொலராடோ மீது தொடுத்து, 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்த வழக்கு, அண்டை மாநிலங்களுக்குள் சரக்கு கசியும் என்ற அச்சத்தைக் காட்டியது. அதற்கு இந்தத் திட்டத்தில் முழு விடை இல்லை. என்றாலும், இங்கே கண்டவற்றுள் செயலையே குற்றமல்லாததாக்கும் திட்டம் இது என்பதால் மற்றவற்றைவிட நோயாளிக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன்.

எஞ்சி நிற்பவை

மேலே கண்ட நிலைப்பாடுகள் பெரும்பாலும் அரசுகளையும் வணிகத்தையும் மையமாக வைத்தவை. வலுவற்ற நோயாளிகள் அவற்றின் ஓரத்தில் நிற்கிறார்கள். மத்திய உதவி பெறும் குடியிருப்புகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டம், மத்தியச் சட்டப்படி சட்டவிரோதமான போதைப்பொருளைப் பயன்படுத்துவோருக்கு வீடு தருவதைத் தடுக்கிறது. மாநில அட்டை அங்கே செல்லாது. ஏற்கெனவே குடியிருப்பவரை வெளியேற்றுவது உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. படைவீரர் மருத்துவமனை மருத்துவர் கஞ்சாவைப் பற்றிப் பேசலாம். மாநிலப் படிவத்தில் கையெழுத்திட அவருக்கு அனுமதி இல்லை. மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருப்பவருக்குத் துப்பாக்கி விற்க மறுக்கலாம் என்று 2016இல் ஒன்பதாம் வட்டம் தீர்ப்பளித்தது. குடியுரிமை இல்லாதவருக்குக் கஞ்சாப் பயன்பாடு குடிவரவுச் சிக்கலையே கொண்டுவரலாம். சொந்த வீடும் நிலையான வேலையும் உள்ளவருக்கு இன்றைய ஏற்பாடு பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. வாடகை உதவியில் வாழும் புற்றுநோயாளிக்கு அப்படி இல்லை.

கலிஃபோர்னியா 2021இல் இயற்றிய சட்டம் ஒன்று, இறக்கும் தறுவாயில் உள்ள நோயாளிகள் புகையில்லா வடிவில் கஞ்சா எடுக்க மருத்துவமனைகள் அனுமதிக்க வேண்டும் என்கிறது. மத்திய அமைப்பு ஏதேனும் நடவடிக்கை எடுத்தால் மருத்துவமனை அந்த அனுமதியை நிறுத்திவைக்கலாம் என்ற விதிவிலக்கும் அதே சட்டத்தில் உண்டு. மாநிலம் தன் அதிகாரத்தின் எல்லையைத் தானே சட்டத்துக்குள் எழுதிவைத்த இடம் அது.

திறந்து கிடக்கும் கேள்விகள் மூன்றையாவது இங்கே குறிக்கலாம். முழுத் தடை இல்லாத இன்றைய சூழலில் உச்ச நீதிமன்றம் ரெய்ச்சை மீண்டும் எடுத்துக்கொள்ளுமா? மூன்றாம் அட்டவணைக்கு மாறினால் மத்திய மருந்து நிர்வாகம் மாநிலக் கடைகளின் பொருள்களை அங்கீகாரமற்ற மருந்துகளாக நடத்துமா, அல்லது இதுவரை செய்ததுபோல் ஒதுங்கியே இருக்குமா? ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் நிதித்தடையை நிரந்தரச் சட்டமாக்க, அதற்குப் பத்தாண்டுக்கு மேலாக வாக்களித்துவரும் அதே காங்கிரஸ் முன்வருமா? முதலிரண்டும் நீதிமன்றத்தையும் நிர்வாகத்தையும் பொறுத்தவை. எந்தப் பக்கமும் போகலாம். மூன்றாவதற்கு அரசியலமைப்புத் தடை எதுவும் இல்லை. அது நடந்தாலும், வீட்டு வசதி, வேலை, வரி, குடிவரவு ஆகியவற்றைக் கட்டும் மற்றச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்தும் வேலை தனியே காத்திருக்கும்.